கர்ப்பப்பை ‘திரும்பியிருக்கு’ என்பதும் ‘இறங்கியிருக்கு’ என்பதும் ஒன்றா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு 27 வயது, கல்யாணமாகி ஒன்றே முக்கால் வருஷம், இன்னும் குழந்தை நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்ததில் ‘யூட்ரஸ் ரெட்ரோவர்ட்டட்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், “கர்ப்பப்பை பின்னாடி திரும்பிக் கிடக்கு, அதான் தங்க மாட்டேங்குது, இனிமே குடம் கிடம் தூக்கினா இறங்கியும் போயிடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதே வீட்டில் உங்கள் மாமியாருக்கு 61 வயது, மூன்று பிள்ளை பெற்றவர், சாயங்காலமானால் அடி இறங்குகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாளைக்கு நமக்கும் இதே கதிதானா என்று பயந்துபோயிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி, கோலம் போடக் குத்தவைத்து உட்காரலாமா என்று. கேள்வி நாலைந்து மாதிரி தெரிந்தாலும் நீங்கள் கேட்பது இதுதான்: கர்ப்பப்பை உடம்புக்குள் எந்த வாக்கில் இருக்க வேண்டும், அது கீழே விழாமல் எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். சாய்ந்திருப்பது வேறு, இறங்கியிருப்பது வேறு. உங்களுக்கு இருப்பது சாய்மானம், அது பெரும்பாலும் நோயே இல்லை. மாமியாருக்கு இருப்பது இறக்கம், அதற்கு வைத்தியம் உண்டு, ஆனால் கர்ப்பப்பையை எடுப்பது அதில் ஒரு வழிதான்.

நான் மதுரையில் படித்துவிட்டுக் காரைக்குடிப் பக்கம் 26 வருஷமாகப் பிரசவம் பார்க்கிறேன். இந்த ஒரு வார்த்தை எவ்வளவு கெடுதல் பண்ணும் என்பதை நானே ஒரு தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணைப் பரிசோதித்துவிட்டு, “உங்களுக்குக் கர்ப்பப்பை கொஞ்சம் பின்னாடி திரும்பியிருக்கு” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். கண் நீலமாக இருக்கிறது, முடி சுருட்டையாக இருக்கிறது என்பதைப் போல. அடுத்த மாசம் அந்தப் பெண்ணின் அப்பத்தா நேரில் வந்து, “எங்க பிள்ளைக்குக் குறை இருக்குன்னு நீங்க சொன்னீகளாமே” என்று கேட்டபோதுதான் வீட்டில் அது எந்த உருவம் எடுத்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை விளக்கமில்லாமல் நான் உச்சரிப்பதில்லை. ஸ்கேன் காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது, அது பாட்டுக்கு அடித்துக் கொடுத்துவிடும்.

சரி, இடத்துக்கு வருவோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த படத்தை முதலில் மறந்துவிடுங்கள். அதில் கர்ப்பப்பை நடுவில் நிமிர்ந்து நிற்கும், இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி குழாய்கள் இருக்கும். உண்மையில் அது நிற்பதில்லை, படுத்திருக்கிறது. நீங்கள் நிற்கும்போது பக்கவாட்டில் உடம்பை இரண்டாக வெட்டிப் பார்க்க முடிந்தால், முன்னால் அடிவயிற்றின் கீழ்முனையில் இருக்கும் பூப்பெலும்பு, அதை ஒட்டிச் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் கர்ப்பப்பை. ஒரு சின்ன பேரிக்காய் அளவுதான். ஏழரை சென்டிமீட்டர் நீளம், ஐந்து அகலம், இரண்டரை கனம். பிள்ளை பெறாதவர்களுக்கு எடை ஐம்பது கிராமை ஒட்டி இருக்கும். அந்தப் பேரிக்காயின் பருத்த பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து, சிறுநீர்ப்பையைத் தலையணையாக வைத்துக் கவிழ்ந்து படுத்த மாதிரி இருக்கும். காம்புப் பக்கம், அதாவது கர்ப்பப்பை வாய், பிறப்புப் பாதையின் மேல் முனைக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பிறப்புப் பாதைக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு செங்கோணம். இதைத்தான் ஆன்ட்டிவெர்ட்டட் என்று எழுதுகிறார்கள். போதாததற்குப் பேரிக்காயின் உடம்பும் காம்பும் சேரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் முன்பக்கமாக வளைந்திருக்கும், அதற்கு ஆன்ட்டிஃப்ளெக்ஸ்ட் என்று இன்னொரு பெயர். ரிப்போர்ட்டில் இரண்டும் வரும், இரண்டும் இரண்டு தனிக் கோணம்.

பிறப்புப் பாதையும் நேர்க்குத்தான குழாய் இல்லை. நிற்கும்போது அதன் மேல்பாதி பின்னோக்கிச் சாய்ந்து கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில், கீழே இருக்கும் தசையின் மேல் கிடக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சாய்மானம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கர்ப்பப்பையின் வாய் மட்டும்தான் ஓரளவு பிடிமானமாக இருக்கிறது, உடம்புப் பகுதி ஆடக்கூடியது. சிறுநீர்ப்பை நிறைய நிறையத் தலையணை உப்பி கர்ப்பப்பையைப் பின்னால் தள்ளும், ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தால் மறுபடியும் முன்னால் சாயும். வயிற்று ஸ்கேனுக்குப் போனால் என்ன சொல்கிறார்கள்? “ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு அடக்கிக்கிட்டு உட்காருங்கம்மா.” அப்படி முட்ட முட்ட நிறைந்த பையோடு எடுத்த படத்தில் கர்ப்பப்பை நிமிர்ந்தோ பின்னால் போயோ தெரிவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரே பெண்ணுக்கு ஒரு மாசம் ஒரு மாதிரியும் இன்னொரு மாசம் வேறு மாதிரியும் ரிப்போர்ட் வந்து, “சரியாயிடுச்சா டாக்டர்?” என்று சந்தோஷமாகக் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே கெட்டுப்போனதும் இல்லை, சரியானதும் இல்லை.

சிறுநீர்ப்பை காலியாக இருந்தும் பின்னோக்கிச் சாய்ந்தே இருப்பவர்கள் உண்டு. தோராயமாக ஐந்து பெண்களில் ஒருவருக்கு அப்படித்தான். வலது கைக்காரர்கள் நடுவே இடது கைக்காரர் இருப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட இது சாதாரணம். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி, சிலருக்கு ஒரு பிரசவத்துக்கு அப்புறம் அப்படி ஆகிறது, சிலருக்கு அதே பிரசவத்துக்கு அப்புறம் முன்னால் வருகிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் தொழில்காரர்களே இதை ஒரு வியாதி என்று நம்பி, முதுகுவலிக்கும் பிள்ளையில்லாமைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லி, வயிற்றைக் கிழித்துக் கர்ப்பப்பையை முன்னால் இழுத்துத் தைத்தார்கள். அதற்கென்றே கில்லியம், பால்டி-வெப்ஸ்டர் என்று ஆள் பெயரில் ஆபரேஷன்கள் இருந்தன. ஹாட்ஜ் பெஸ்ஸரி என்று ஒரு வளைந்த வளையத்தை உள்ளே வைத்து முட்டுக்கொடுத்தும் பார்த்தார்கள். பலன் இல்லை என்று தெரிந்ததும் பெரும்பாலும் கைவிட்டார்கள். உங்கள் சொந்தக்காரர் சொன்னது பழைய டாக்டர்கள் சொன்னதுதான், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

குழந்தை விஷயத்தில் என் பதில் உறுதியானது. தடையில்லாமல் அசையும் கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருப்பதால் மட்டும் கரு நிற்காமல் போவதில்லை. விந்தணுக்கள் தாமே நீந்திப் போகின்றன, கர்ப்பப்பை வாய் வழியாக நிமிஷக் கணக்கில் உள்ளே போய்விடுகின்றன. வாய் கொஞ்சம் முன்னே பார்த்தால் என்ன, பின்னே பார்த்தால் என்ன? காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள், தலையணையை அடியில் வை என்று யாராவது சொன்னால் செய்தாலும் நஷ்டமில்லை, செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை. 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருஷம் முயன்றும் நிற்கவில்லை என்றால் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் சாய்மானத்தை விட்டுவிட்டு உருப்படியான சோதனைகளுக்குப் போங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கருமுட்டை வெளிவருகிறதா, தைராய்டு எப்படி, குழாய்கள் திறந்திருக்கின்றனவா. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை. செலவு குறைவு, வலி இல்லை. ஆனாலும் நம் பக்கத்தில் மருமகளுக்கு மூன்று ஸ்கேனும் இரண்டு கோயில் வேண்டுதலும் முடிந்த பிறகுதான் மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் எழுதியதில் அவருடைய சோதனையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

பின்னால் சாய்ந்திருப்பதை டாக்டர்கள் குறித்துவைப்பதற்குக் காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. பிற்காலத்தில் காப்பர்-டி போடும்போதோ கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும்போதோ கருவி எந்தத் திசையில் போக வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் ஓட்டை விழலாம். அந்த மாதிரி எதற்காவது போனால் ‘எனக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது’ என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இன்னொன்று, கர்ப்பப்பை சும்மா சாய்ந்திருக்கிறதா, ஒட்டிப்போய்ச் சாய்ந்திருக்கிறதா என்பது. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) இருந்தாலோ, முன்பு உள்ளே கிருமித் தொற்று வந்து ஆறியிருந்தாலோ, கர்ப்பப்பை மலக்குடல் பக்கம் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அப்போது குழந்தைக்குத் தடையாக இருப்பது அந்த நோய், சாய்மானம் அதன் அடையாளம் மட்டும்தான். மாதவிலக்கில் சுருண்டு படுக்க வைக்கும் வலி, உறவின்போது ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, இதில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் அவசியம் டாக்டரிடம் சொல்லுங்கள். கையால் பரிசோதித்து அசைகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம், பல நேரம் ஸ்கேன் காகிதத்தைவிட அந்தக் கை சொல்வது அதிகம்.

கரு நின்ற பிறகு? பெரும்பாலும் 12 முதல் 14 வாரத்துக்குள் வளர்கிற கர்ப்பப்பை தானாகவே நிமிர்ந்து இடுப்புக்கூட்டை விட்டு மேலே ஏறிவிடும். ரொம்ப அபூர்வமாக, சில ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்றில், பின்னால் திரிகம் என்கிற இடுப்பின் பின்பக்க எலும்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் போகும். அதன் அடையாளம் நாலாவது மாச வாக்கில் ஒண்ணுக்கு வராமல் அடைத்துக்கொள்வது. அப்படி ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது நடந்துவிடும் என்று சொல்லவில்லை, நடந்தால் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

வயிற்றை உருவிக் கர்ப்பப்பையை நேராக்கிவிடுகிறேன் என்று சொல்பவர்கள் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கர்ப்பமில்லாத கர்ப்பப்பை பூப்பெலும்புக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது, வயிற்றின் மேல் எண்ணெய் போட்டு உருவும் கைக்கு அது எட்டவே எட்டாது. பிரசவம் முடிந்து வயிற்றைச் சுற்றி வேட்டித்துணியை இறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான். பிரசவமான அன்று ஒரு கிலோ போல இருக்கிற கர்ப்பப்பை ஒரு வாரத்தில் பாதியாகி, ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வருவது அதன் சொந்தச் சுருக்கத்தால்தான். லேசாகக் கட்டினால் முதுகுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவே. மூச்சு முட்டக் கட்டினால் மேலிருந்து கீழே அழுத்தம்தான் கூடும், அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி இரண்டாவது பாதி, எது தாங்குகிறது என்பது. நாங்கள் உடற்கூறு அறையில் முதல் வருஷம் இதைத் தேடி ஏமாந்தோம். புத்தகத்தில் லிகமென்ட் லிகமென்ட், அதாவது பிடித்துக் கட்டும் நார், என்று கயிறு மாதிரி வரைந்திருக்கும், உடலில் பார்த்தால் கயிறு எதுவும் இல்லை, கொழுப்பும் ரத்தக் குழாயும் நரம்பும் நாருமாக ஒரு கலவைதான் இருந்தது. எங்கள் ஆசிரியை ஒரு கருவியால் கர்ப்பப்பை வாயைப் பிடித்துக் கீழ்ப்பக்கம் மெல்ல இழுத்துக் காட்டினார். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரு விறைப்பு எழும்பி வந்தது, விரலால் தொட்டால் கம்பி மாதிரி. முழங்காலில் இருப்பது போன்ற கெட்டியான நார் இல்லை இவை. தேவைப்படும்போது இழுத்துப் பிடிக்கிற, இழுத்துக்கொண்டே இருந்தால் நாளடைவில் நீண்டுபோகிற இணைப்புத் திசு.

அவற்றில் முக்கியமானவை எல்லாம் கர்ப்பப்பை வாயைத்தான் பிடிக்கின்றன, மேல்பகுதியை இல்லை. வாயின் இரண்டு பக்கத்திலிருந்தும் இடுப்புக்கூட்டின் பக்கச் சுவருக்குப் போவது ஒன்று. ஜெர்மன் டாக்டர் மாக்கென்ராட் பெயரால் அதை அழைக்கிறோம், கார்டினல் லிகமென்ட் என்றாலும் அதுதான். பின்பக்கமாக மலக்குடலைச் சுற்றிக்கொண்டு திரிக எலும்புக்குப் போவது யூட்ரோசேக்ரல். முன்பக்கம் பூப்பெலும்பு நோக்கிப் போவது மெலிதானது. இந்தப் பின்பக்க நார் வாயைப் பின்னோக்கி இழுத்து வைத்திருப்பதால்தான் மேல்பகுதி முன்னோக்கிச் சாய முடிகிறது. அப்புறம் ரவுண்ட் லிகமென்ட், கர்ப்பப்பையின் இரு தோளிலிருந்தும் புறப்பட்டு, தொடை இடுக்கு வழியாக வெளியே வந்து பிறப்புறுப்பின் வெளி உதட்டில் முடியும். எடையைத் தாங்குவது அதன் வேலை இல்லை, முன்சாய்வுக்கு ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான். கர்ப்பிணிகள் ஐந்தாறு மாசத்தில் சட்டென்று திரும்பிப் படுக்கும்போது தொடையிடுக்கில் சுரீர் என்று குத்துகிறது என்பார்களே, பெரும்பாலும் இதுதான் இழுபடுகிறது. பிராட் லிகமென்ட் என்பதோ பெயருக்குத்தான் லிகமென்ட். கொடியில் காயப்போட்ட கண்டாங்கிச் சேலை இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி, குழாய்களின் மேல் மடிந்து தொங்குகிற ஒரு படலம். சேலையா கொடியைத் தாங்கும்?

இவ்வளவு சொன்ன பிறகும் உண்மையான தாங்கி இன்னும் வரவில்லை. அது கீழே இருக்கிறது. இடுப்புக்கூட்டின் அடிப்பக்கம் எலும்பு கிடையாது, திறந்த வாய். அதை அடைத்திருப்பது தசை, லெவேட்டர் ஏனை என்று பெயர். நம் வீடுகளில் சீர் வைக்கிற ஓலைக் கொட்டான் இருக்கிறதே, அதன் அடிப்பாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பின்னல் மாதிரி பல திசையில் ஓடும் நார்கள் சேர்ந்து ஒரு குழிந்த தளமாக நிற்கின்றன. கொட்டான் உயிரில்லாதது, இது உயிருள்ளது. தூங்கும்போதுகூட முழுசாகத் தளராமல் லேசான இறுக்கத்திலேயே இருக்கும், நீங்கள் இருமினால், தும்மினால், சிரித்தால் நீங்கள் நினைக்காமலே ஒரு கணம் இறுகும். முன்பக்கம் நடுவில் ஒரு இடைவெளி, சிறுநீர்த் தாரையும் பிறப்புப் பாதையும் அது வழியாகத்தான் வெளியே வருகின்றன. தசை முன்னோக்கி இழுத்து அந்த இடைவெளியைச் சாத்தியே வைத்திருக்கும். முன்னே சொன்னேனே, பிறப்புப் பாதையின் மேல்பாதி பின்னால் சாய்ந்து தசையின் மேல் கிடக்கிறது என்று, இப்போது அதைச் சேர்த்துப் பாருங்கள். மேலிருந்து அழுத்தம் வந்தால் அது கர்ப்பப்பையை வாசல் வழியாகக் கீழே தள்ளுவதில்லை, தசைத் தளத்தின் மேல் வைத்து அமுக்குகிறது. தளம் நன்றாக இருக்கிற வரை நார்களுக்கு வேலையே அதிகம் இல்லை. தளம் தொய்ந்து வாசல் அகலமானால்தான் முழு எடையும் நார்களின் தலையில் விழும், அவை வருஷக்கணக்கில் நீளும். 1992-இல் டிலான்சி என்கிற அமெரிக்க டாக்டர் இந்தத் தாங்கிகளை மூன்று அடுக்காகப் பிரித்து எழுதினார். மேலே நார்கள், நடுவில் பக்கச் சுவரோடு ஒட்டு, கீழே வாசலைச் சுற்றிய கட்டு. இன்றைக்கும் நாங்கள் அந்தக் கணக்கில்தான் யோசிக்கிறோம், ஏனென்றால் எந்த அடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கர்ப்பப்பை இறங்கலாம், முன்னால் சிறுநீர்ப்பை பிதுங்கலாம், பின்னால் மலக்குடல் பிதுங்கலாம், எல்லாம் சேர்ந்தும் வரலாம்.

தளம் எதனால் தொய்கிறது? நிச்சயமாகச் சொல்லக்கூடியவை மூன்று: சுகப்பிரசவம், வயது, உடல் எடை. குழந்தையின் தலை வெளியே வரும்போது அந்தத் தசையின் உள்விளிம்பு தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரியில் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் திரும்பிச் சுருங்கிவிடுகிறது, சிலருக்கு எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில் அது அதிகம். இதற்காகச் சிசேரியன்தான் நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அதற்கு அதன் சொந்தக் கஷ்டங்கள் இருக்கின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைவதால் திசுக்கள் மெலிவதும், குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடுவதும் உண்டு. பளு தூக்குவது, நாள்பட்ட இருமல், முக்கி முக்கிப் போகிற மலச்சிக்கல் இவையும் காரணம் என்று நாங்கள் எல்லோருமே சொல்கிறோம், தர்க்கப்படி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்வதில்லை. ஊரணியிலிருந்து இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் குடம் சுமந்த எத்தனையோ கிழவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, குடமே தொடாத சிலருக்கு இறங்கியிருக்கிறது. பிரசவமான முதல் ஆறு வாரம் பளு வேண்டாம் என்பதில் மட்டும் நான் கறார். பின்னால் சாய்ந்த கர்ப்பப்பை இறங்கவும் வாய்ப்பு அதிகமா என்பதும் சந்தேகக் கணக்கில்தான் வருகிறது. சாய்வு பிறப்புப் பாதையோடு ஒரே கோட்டில் வந்துவிடுவதால் இறங்கச் சுலபம் என்று பழைய பாடப்புத்தகம் சொல்லும், இறங்குகிறவர்களுக்கு முதலில் பின்சாய்வு ஏற்படுவதும் உண்மை. ஆனால் தளம் உறுதியாக இருக்கிற ஒரு 27 வயதுப் பெண்ணிடம், பிள்ளை பெறாதவரிடம், இதை ஒரு எச்சரிக்கையாகச் சொல்ல எனக்கு ஆதாரம் போதாது.

மாமியார் விஷயம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் முகாம் போட்டபோது ஒரு ஆச்சி கூட்டமெல்லாம் கலையும் வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், கடைசியில் உள்ளே வந்து கதவைச் சாத்தச் சொன்னார். பதினாலு வருஷமாக வெள்ளைத் துணியை மடித்து அணைகொடுத்து வைத்திருந்திருக்கிறார். கர்ப்பப்பை முழுசாக வெளியே, உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. மகளுக்குக்கூடத் தெரியாது. உங்கள் மாமியார் வெளியே சொல்லியிருக்கிறார், அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். சாயங்காலம் இறங்குகிறது, படுத்தால் உள்ளே போகிறது, உட்கார்ந்தால் பந்து மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று நீங்கள் எழுதியது இறக்கத்தின் சரியான வர்ணனை. ஆனால் எவ்வளவு என்று எழுத்தில் படித்து என்னால் சொல்ல முடியாது, முக்கச் சொல்லிப் பரிசோதித்தால்தான் எந்த நிலை என்று தெரியும், நாலு நிலை உண்டு.

அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது, கர்ப்பப்பை இறங்குவதற்குக் கர்ப்பப்பை காரணமில்லை. பிடிமானம் போனதால் அது கீழே வந்திருக்கிறது. அதை எடுத்தால் வெளியே வந்த பொருள் போகும், பிடிமானம் திரும்பி வராது. அதனால்தான் கர்ப்பப்பையை எடுத்த சிலருக்கு நாலைந்து வருஷத்தில் பிறப்புப் பாதையின் உச்சியே இறங்கி வந்துவிடுகிறது. எடுப்பதென்று முடிவானால், “உச்சியை எதோடு சேர்த்துத் தைப்பீர்கள், சிறுநீர்ப்பைப் பக்கமும் சரி செய்வீர்களா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள், கோபப்பட்டால் இன்னொருவரிடம் கேளுங்கள், சிவகங்கையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சாதாரண ஆபரேஷன்தான், ஆனாலும் விளையாட்டு இல்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கர்ப்பப்பை ரத்தக் குழாய்க்கு அடியில் சிறுநீர்க் குழாய் போகிறது, பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்த நார்களை வெட்டிக் கட்டும்போது எங்கள் கண் அதன் மேலேயே இருக்கும்.

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளும் உண்டு. இன்னும் பிள்ளை வேண்டும் என்கிற இளம் பெண்களுக்காக மும்பையில் ஷிரோத்கர், புரந்தரே போன்ற நம் ஊர் டாக்டர்களே முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் மாமியார் வயதுக்கு நான் முதலில் யோசிப்பது அதைவிட எளியது, சிலிக்கான் வளையம். ரிங் பெஸ்ஸரி என்று கேளுங்கள். அளவு பார்த்து உள்ளே வைத்துவிட்டால் தாங்கிக்கொண்டிருக்கும், மூன்று முதல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவிப் புண் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைப்பார்கள். சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நம் பக்கம் ஏனோ இதை யாரும் சொல்வதில்லை. கர்ப்பப்பை எடுத்தல் என்றால் உடனே தேதி குறிக்கிறோம், வளையம் என்றால் முகம் சுளிக்கிறோம்.

லேசான இறக்கமாக இருந்தால் பயிற்சி உதவும். 1948-இல் கெகல் என்கிற டாக்டர் எழுதியதால் அவர் பெயரில் வழங்குகிறது. கூட்டத்தில் காற்றுப் பிரிவதை அடக்க எந்தத் தசையை இறுக்குவீர்களோ, அதை உள்ளே மேலே இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், விட வேண்டும். ஒரு நேரத்துக்குப் பத்து, நாளைக்கு மூன்று நேரம், பழகப் பழகப் பத்து எண்ணும் வரை. மூச்சை அடக்கக் கூடாது, பிட்டத்தையும் தொடையையும் இறுக்கினால் அது வேறு பயிற்சி. இருமல் வருவது தெரிந்தால் அதற்கு முன்னால் ஒரு இறுக்கு. மூன்று மாசம் விடாமல் செய்தால்தான் தெரியும், வாசலுக்கு வெளியே முழுசாக வந்துவிட்டதை இது உள்ளே ஏற்றாது. நீங்களும் இப்போதே ஆரம்பியுங்கள், பிள்ளை பெறப் போகிற உடம்புக்கு நல்லது.

மாமியாருக்கு ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டாலோ, இறங்கினது உள்ளே போக மறுத்தாலோ, ரத்தமோ நாற்றமுள்ள வெள்ளையோ பட்டாலோ காத்திருக்க வேண்டாம். மாதவிலக்கு நின்றுபோனவருக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அது இறக்கப் புண்ணால்தான் என்று நீங்களாக முடிவுகட்டாமல் காட்டிவிடுங்கள்.

அப்புறம் கோலம். நீங்கள் தாராளமாகக் குத்தவைத்து உட்கார்ந்து போடலாம், வாசல் கோலமானாலும் சரி, விசேஷத்துக்கு நடுவீட்டுக் கோலமானாலும் சரி, அதனால் உங்களுக்கு எதுவும் திரும்பப் போவதில்லை. மாமியாருக்கும் குத்தவைப்பதால் நோய் முற்றிவிடாது, ஆனால் அந்த வாக்கில் வாசல் விரிந்து இறங்குவது அதிகமாகத் தெரியும், ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். வளையம் வைத்துக்கொண்டால் கக்கூஸில் குத்தவைத்து முக்கும்போது சில சமயம் நழுவி வெளியே வந்துவிடும், பயப்படாமல் கழுவி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனால் மறுபடி வைத்துவிடுவார்கள், அல்லது ஒரு அளவு பெரிசாக மாற்றுவார்கள்.